அறியாதார் இட்ட சோறு

கொழும்புக்கு முதன்முறையாக வந்துசேரும் யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவன், கோட்டைப் புகையிரத நிலையத்தை விட்டு வெளியேறிய சில மணித்தியாலங்களுள், தன் வாழ்நாளில் அதுவரை பெரும்பாலும் செய்திராத ஒரு செயலைச் செய்கின்றான். தான் அறியாத ஒருவர், தான் காணாத ஓர் அடுக்களையில் சமைத்த சோற்றை, பெயர் தெரியாத இருவருக்கு நடுவே அமர்ந்து உண்கின்றான். உண்டு முடிந்ததும் காசைக் கொடுத்துவிட்டு வெளியேறுகின்றான். "ஆர் வீட்டுப் பிள்ளை?" என்று எவரும் அவனை வினவுவதில்லை. அவனும் எவரையும் வினவுவதில்லை. இச்செயலை நாம் மிகச் சாதாரணமானதாகக் கொள்கின்றோம். தங்குமிடம் தேடுதல், பஸ் இலக்கங்களை மனனஞ் செய்தல், சிங்களத்தில் 'பத்', 'தே', 'கீயத' முதலாய சொற்களைப் பழகிக்கொள்ளுதல் ஆகியவற்றோடு ஒன்றாக இதுவும் நகர வாழ்க்கைக்கு இசைந்துபோகும் பயிற்சிகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து, நம் சமூகத்தின் ஒழுக்கவியல் வினாக்களுள் மிகக் கடியது ஒன்று அச்சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கின்றது என்பது புலனாகும். அவ்வினாவை ஓரளவேனும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினா இதுதான். நகரத்து உணவுச்சாலையில் நம்மை யாரென்று கேளாது உணவிடுகின்றனர். இக்கேளாமை ஓர் அறமா, அன்றி வெறும் அக்கறையின்மையா? அது அறமெனின், அதே மாணவன் விடுமுறைக்கு ஊர் திரும்பியதும் அவ்வறம் அவனைவிட்டு எங்கே போய்விடுகின்றது? அது அக்கறையின்மையெனின், அந்த அக்கறையின்மையால் விடுதலை பெற்றோர் பலர் உளரே, அவர்களுக்கு நாம் என்ன விடை கூறுவது?

நகரமும் அந்நியர் உணவும் நமக்குப் புதியன அல்ல. மதுரைக்காஞ்சியின் இரவுப் பகுதியில் அப்பமும் மோதகமும் விற்போர் தம் பண்டங்களின் முன்னிருந்து உறங்கி விழும் காட்சி உண்டு. பட்டினப்பாலையின் புகார் நகரில் அறச்சாலைகளில் வடித்த கஞ்சி தெருவில் ஆறெனப் பரவுகின்றது. அந்நகரிலேயே பல மொழி பேசும் வேற்று நாட்டார் கலந்து உறைந்தனர் என்றும் அப்பாட்டு கூறும். வீட்டுக்கு வெளியே உண்ணுதல் நம்மிடையே நகரத்தோடு கூடவே பிறந்தது எனலாம்.

ஆயினும் இவ்விடயத்தில் நமக்கு மிகுதியும் பயன்படுவது மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையாகும். ஊரில் அந்தணர் ஒருவரால் வளர்க்கப்பட்ட ஆபுத்திரன், வேள்விக்கென நிறுத்திய பசுவைக் காப்பாற்றியமையால் எழுந்த வழக்கில் அவனுடைய பிறப்பு வரலாறு வெளிப்படுகின்றது. அந்தக் கணத்திலேயே வளர்த்த தந்தை அவனைக் கைவிடுகின்றான். பிச்சைப் பாத்திரத்தில் ஊரார் கல்லை இடுகின்றனர். அவன் மதுரைக்குச் சென்று சிந்தாதேவியின் கோயில் அம்பலத்தில் தங்குகின்றான். தான் இரந்து பெற்ற உணவைக் குருடர், செவிடர், ஆதரவற்றோர் முதலியோருக்கு முதலில் ஊட்டி எஞ்சியதை உண்கின்றான். பிறப்பு அறியப்பட்ட இடத்தில் பாத்திரத்தில் கல் விழுந்தது, பிறப்பு அறியப்படாத நகரத்தில் சோறு விழுந்தது. சாத்தனார் இதனை ஒரு தத்துவமாக எடுத்துரைக்கவில்லை. கதைப்போக்கில் வைத்துச் செல்கின்றார். ஆனால் ஊருக்கும் நகரத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி நம் பழைய இலக்கியத்தில் வேறு உண்டோ என்பது ஐயத்துக்குரியது.

அக்காப்பியத்திலேயே இதற்கு மறுதலையான செய்தியும் உண்டு. ஆபுத்திரன் கைப்பாத்திரம் மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலிருந்து மணிமேகலையை வந்தடைந்த பின்னர், எவரிடமிருந்து முதற் பிச்சை ஏற்பது என்ற வினா எழுகின்றது. ஆதிரை என்னும் கற்புடைப் பெண்ணின் கையாலேயே அது தொடங்கவேண்டும் எனப்படுகின்றது. எல்லார்க்கும் வேறுபாடின்றி ஊட்டும் பாத்திரமும், 'யார் கை' என்ற வினாவோடுதான் தன் பணியைத் தொடங்குகின்றது. 'கை' பற்றிய இக்கவலை நம்மிடம் எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதற்கு இதுவே சான்று.

யாழ்ப்பாணத்து வாழ்க்கையில் அக்கவலை எவ்வாறு பாத்திரங்களிலும் திண்ணைகளிலும் படலைகளிலும் உருவெடுத்து நின்றது என்பதை விரித்துக் கூறவேண்டுவதில்லை. மூக்குப்பேணி ஒன்றே போதும். இதழ் படாது அண்ணாந்து அருந்துவதற்கென்றே அமைந்த அப்பித்தளைப் பாத்திரத்தின் அழகை நாம் வியக்கின்றோம். நூதனசாலைகளிலும் அதனை வைத்திருக்கின்றோம். ஒருவரது எச்சில் மற்றவரைத் தீண்டலாகாது என்ற எண்ணம் உலோகத்தில் வார்க்கப்பட்ட வடிவமே அது. எச்சிலை அஞ்சுவது சுகாதாரத்தின்பாற்பட்டதென்று சிலர் வாதிப்பர். அங்ஙனமாயின் அம்மூக்குப்பேணியும் கொடுக்கப்படாது சிரட்டையிலும் போத்தலிலும் நீர் பெற்றவர்களின் எச்சில் மட்டும் எவ்வகைக் கிருமியைக் கொண்டிருந்தது என்பதையும் அவர்கள் விளக்குதல் வேண்டும்.

ஊரின் இவ்வொழுங்குக்கு மாற்றாக நகரத்தை நிறுத்துவோர் வழக்கமாக ஒரு வாதத்தை முன்வைப்பர். பணத்துக்குச் சாதி இல்லை, சந்தையில் எல்லாரும் சமம் என்பது அவ்வாதம். 1776 இல் வெளிவந்த தம் நூலில் அடம் ஸ்மித், நம் இராச்சாப்பாட்டை நாம் எதிர்பார்ப்பது இறைச்சிக்காரனதும் வெதுப்பகத்தானதும் தயவினால் அன்று, அவர்கள் தம் நலனைக் கருதுவதனாலேயே என்ற கருத்தைக் கூறியமை யாவரும் அறிந்ததே. (ஸ்மித் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தாயாருடன் கழித்தவர். இறைச்சிக்காரனிடமிருந்து வந்த இறைச்சி மேசைக்கு வருமுன் வீட்டில் யாருடைய கைகளுக்கூடாக வந்தது என்பதைப்பற்றி அவர் அங்கு எதுவும் சொல்லவில்லை.) தயவு வேண்டப்படாத இடத்தில் தாழ்ந்து நிற்றலும் வேண்டியதில்லை என்பது இவ்வாதத்தின் சாரம். இதில் உண்மை இல்லாமலில்லை. விருந்தினன் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன், வாடிக்கையாளன் அவ்வாறல்லன். கறியில் உப்புக் குறைந்தால் அதனைச் சொல்லும் உரிமையும் அவனுக்கு உண்டு.

ஆனால் வரலாறு இவ்வாதத்தை அப்படியே ஏற்க இடந்தரவில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளும் கடைகளே. அங்கு விற்கப்பட்ட தேநீரும் காசுக்கே விற்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களின் காசைக் கடைக்காரர் வாங்கி இலாச்சியில் இட்டனர். காசில் தீட்டு இருந்ததாக எவரும் கூறவில்லை. தேநீர் மட்டும் வேறு பாத்திரத்தில், வேறு இடத்தில், வெளியே நின்று அருந்துமாறு கொடுக்கப்பட்டது. இதே நிலையை வேறொரு நாட்டிலும் காண்கின்றோம். 1960 பெப்ரவரி 1 ஆம் நாள் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கிறீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் ஒரு பெரிய கடையின் உணவுப் பகுதியில் அமர்ந்து கோப்பி கேட்டனர். அதே கடையின் ஏனைய பகுதிகளில் அவர்கள் பொருள் வாங்கலாம், பற்றுச்சீட்டும் பெறலாம். அமர்ந்து அருந்துவது மட்டும் ஆகாது. பொருள் விற்கும் கை ஒன்றே, காசு வாங்கும் கை ஒன்றே. உடன் அமர்தல் என்பது வந்ததும் சந்தை தன் சமத்துவத்தை மறந்துவிடுகின்றது. அங்கு அதனை நினைவூட்ட மாணவர் போராட்டமும் 1964 ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டமும் தேவைப்பட்டன.

நம்மிடையேயும் அவ்வாறே. 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் வாலிப காங்கிரசாக அறியப்பட்ட இயக்கம், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் வழிகாட்டலில், உடனிருந்துண்ணலைத் தன் கொள்கைகளுள் ஒன்றாக வற்புறுத்தியது. பாடசாலைகளில் சமஆசனத்துக்கும் சமபோசனத்துக்கும் எழுந்த எதிர்ப்பு, அக்காலத்து யாழ்ப்பாணம் எழுத்தறிவில் எவ்வளவு முன்னேறியிருந்தும் வேறெதில் பின்தங்கியிருந்தது என்பதைக் காட்டுகின்றது. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், உணவுச்சாலை முதலாய பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கியது. சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் முயற்சிகளால் சில கடைகள் திறந்தன, பல திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் சங்கானை முதலாய இடங்களில் நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும், 1968 இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசமும் இவ்வரலாற்றின் அடுத்த படிகள். 1972 இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்' இக்காலத்து வாழ்வையே பொருளாகக் கொண்டது. ஒரு கோப்பைத் தேநீரை ஒரு வாங்கில் அமர்ந்து அருந்துவதற்காக இந்நாட்டில் இரத்தம் சிந்தப்பட்டுள்ளது. 'பணத்துக்குச் சாதி இல்லை' என்று எளிதாகக் கூறுவோர் இதனை ஒருகணம் நினைத்தல் நலம்.

அவ்வாறாயின் கொழும்பு உணவுச்சாலையில் அதே மனிதன் அதே காலத்தில் தடையின்றி அமர்ந்து உண்டது எவ்வாறு? கொழும்புக் கடைக்காரர் யாழ்ப்பாணத்துக் கடைக்காரரிலும் உயர்ந்த ஒழுக்கமுடையவர் என்பதனாலன்று. பலவேளைகளில் அவரும் யாழ்ப்பாணத்திலிருந்தோ இந்தியாவிலிருந்தோ அவ்வழக்கங்களுடனேயே வந்தவர். நகரத்தில் அவரால் வந்தவரை அறியமுடியவில்லை என்பதே காரணம். செட்டியார் தெருவிலோ வெள்ளவத்தையிலோ மதியவேளையில் கடைக்குள் நுழையும் கூட்டத்தில் ஒவ்வொருவனது தகப்பனையும் பாட்டனையும் விசாரித்துக்கொண்டிருப்பின் சோறு ஆறிவிடும். வியாபாரமும் ஆறிவிடும். ஆகவே அங்கு நிலவியது அறியாமையால் விளைந்த சமத்துவமே. ஜெர்மானியச் சமூகவியலறிஞர் ஜோர்ஜ் சிம்மல் 1903 இல் பெருநகர மனநிலையைப்பற்றி எழுதிய கட்டுரையில், நகரத்தார் ஒருவருக்கொருவர் காட்டும் ஒதுங்கிய தன்மையே அவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத சுதந்திரத்தையும் தருகின்றது என்று விளக்கினார். அயலவனை அறியாதிருத்தல் குளிரானது, ஆனால் அக்குளிரில் மூச்சு விடலாம்.

இனி, அறியாமையால் வந்த சமத்துவம் அறிவு வந்ததும் நிலைக்குமா என்பதே சோதனை. இச்சோதனையில் நான் தோற்றவன் என்பதால் அதனைச் சொல்லாது மேலே செல்வது நேர்மையாகாது.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் மூவர் வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். காலையில் பாணும் சம்பலும், இரவில் காலி வீதிக் கடையொன்றில் இடியப்பமும் சொதியும். மாதக் கடைசியில் ஒருவரிடம் மட்டுமே காசு இருக்கும். அவர் மூவருக்கும் கொடுப்பார். யார் எவ்வளவு கொடுத்தார் என்று நாங்கள் கணக்குப் பார்த்ததில்லை. ஒரே பார்சலைப் பிரித்து ஒரே தாளில் மூன்று கைகள் இட்டு உண்ட இரவுகளும் உண்டு. ஒரு விடுமுறையில் அவ்விருவருள் ஒருவர் எங்கள் ஊர்ப்பக்கம் வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மா அன்போடு வரவேற்றார். வழக்கமான வினாக்களைக் கேட்டார்.

"தம்பி எந்த ஊர்?"

அவர் சொன்னார்.

"அங்கை ஆற்றை மகன்?"

அதற்கும் அவர் மறைக்காமல் விடை சொன்னார். அம்மாவின் முகத்தில் எவ்வித மாற்றமும் இல்லை. சிறிது நேரத்தில் தேநீர் வந்தது. எனக்கு மூக்குப்பேணியில், அவருக்குப் பின்கொட்டில் இறப்பில் செருகிக் கிடக்கும் அலுமினியப் பேணியில். அது யாருக்கான பேணி என்பதை நான் சிறுவயது முதல் அறிவேன். அவரும் பார்த்தவுடன் அறிந்திருப்பார். பலகாரத் தட்டில் அவருக்கு என்னிலும் அதிகமாகவே வைத்திருந்தார் அம்மா. அவர் அதை உண்டு, தேநீரையும் அருந்தி, பேணியைத் தாமே கழுவிக் கவிழ்த்துவைத்து, விடைபெற்றுச் சென்றார். நான் ஒன்றும் பேசவில்லை. பேணியை மாற்றி எடுத்துக்கொள்ள ஒரு கை நீட்டினால் போதும். நான் கையை நீட்டவில்லை.

விடுமுறை முடிந்து கொழும்பு திரும்பினோம். அதே அறை, அதே கடை. ஒரே ஒரு மாற்றம். அன்றிலிருந்து அவர் தம் பங்குக் காசைத் தனியே எண்ணி மேசையில் வைத்தார். நான் கொடுக்க முற்பட்டால், "வேண்டாம், கணக்குச் சரியாயிருக்கட்டும்" என்றார். அவ்வளவே. கோபமாகவும் சொல்லவில்லை.

இந்நிகழ்ச்சியைப் பல ஆண்டுகளாக எண்ணிப் பார்த்திருக்கின்றேன். என் தாயார் கொடியவர் அல்லர். நடு இரவில் யார் வந்து படலையைத் தட்டினாலும் உலையேற்றக்கூடியவர். அன்பும் அவமதிப்பும் ஒரே கையிலிருந்து, ஒரே வேளையில், ஒரே தட்டத்தோடு வரக்கூடும் என்பதை நான் அங்குதான் கண்டேன். கொழும்புக் கடையில் அன்பு இல்லை, ஆனால் அவமதிப்பும் இல்லை. இரண்டில் எது மேல்?

வள்ளுவர் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்தமையைச் சுட்டி, அன்போடு இடும் சோறே சோறு, காசுக்கு விற்கும் சோறு அறத்தின் சிதைவு என்று வாதிப்போர் நம் தமிழ்ச் சங்க மேடைகளில் இன்றும் உளர். அவர்களுக்கு ஒன்று கூறலாம். அன்பு என்பது கொடுப்பவனின் குணம். அவமதிக்கப்படாமை என்பது பெறுபவனின் உரிமை. ஒன்றைக் கொண்டு மற்றதை ஈடுசெய்தல் இயலாது. கான்ட் 1795 இல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய நூலில் விருந்தோம்பலைப்பற்றிக் கூறுமிடத்து, அது மனிதாபிமானத்தின்பாற்பட்டதன்று, உரிமையின்பாற்பட்டது என்று பிரித்துக் காட்டுகின்றார். அந்நிய நிலத்துக்கு வரும் ஒருவன் விருந்தினனாக உபசரிக்கப்படும் உரிமையை அங்கு கோரமுடியாது. ஆனால் பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமை அவனுக்கு உண்டு. இவ்வுரிமை மிகச் சிறியது போலத் தோன்றும். பலகாரத் தட்டு இதில் அடங்கவில்லை. ஆனால் பேணி அடங்கும். என் நண்பர் எங்கள் வீட்டில் பெற்றது உரிமைக்கு மேற்பட்ட பலகாரமும் உரிமைக்குக் கீழ்ப்பட்ட பேணியும். நீதி முதலில் வைக்கப்படாத இடத்தில் அன்பு எவ்வளவு வைக்கப்பட்டாலும் அது மனிதனைச் சிறுமைப்படுத்துவதற்கு மேலுமொரு வழியாகிவிடக்கூடும். இவ்வகையில் காலி வீதிக் கடையின் பக்கமே என் தீர்ப்பு.

ஆனால் இத்தீர்ப்போடு நிற்பதற்கில்லை. அறியாமையின்மேல் கட்டப்பட்ட நகரத்து மேசையும் எளிதில் கவிழக்கூடியதே. அந்நியர் சமைத்ததை உண்பதென்பது வாயைத் திறந்து நம்பிக்கை வைத்தல். நாம் ஒருவருக்குக் காசு கடன் கொடுக்க எத்தனையோ விசாரணை செய்கின்றோம். அவர் சமைத்ததை விழுங்க ஒரு விசாரணையும் செய்வதில்லை. இந்நம்பிக்கை உடைந்தால் என்ன நிகழும் என்பதை இந்நாடு கண்டுள்ளது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான உணவுச்சாலையில் உண்ணச் சென்ற சிலர், கறியில் கிடந்த கட்டியொன்றைக் காட்டி, சிங்களவரை மலடாக்கும் மருந்து கலக்கப்பட்டுள்ளது என்றனர். அன்றிரவே அக்கடையும் வேறு கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுக்கட்டியே என்பது பின்னர் அரச பகுப்பாய்வாளரின் பரிசோதனையால் தெரியவந்தது. சில நாட்களில் கண்டி மாவட்டத்திலும் கலவரம் மூண்டது. அம்பாறை நிகழ்ச்சியை வெறும் வதந்தி என்று ஒதுக்குதல் போதாது. 'யார் கை' என்ற பழைய வினா ஊர்த் திண்ணையிலிருந்து எழுந்து வந்து நகரத்து மேசையில் அமர்ந்துகொண்டமையே அதன் உட்பொருள். தீட்டு என்ற சொல்லுக்குப் பதிலாக நஞ்சு என்ற சொல் வந்தது, அவ்வளவுதான். 1983 யூலையில் கொழும்பில் தமிழர் கடைகள் தெரிந்தெடுத்து எரிக்கப்பட்டபோது, உரிமையாளர் யாரென்று அறிந்தவர்களே எரித்தனர். நேற்றுவரை அக்கடைகளில் உண்டவர்களும் அக்கூட்டத்தில் இருந்திருக்கக்கூடும் என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகின்றது. அறியாமை தந்த சமத்துவத்தை அறிவு ஓர் இரவில் பறித்துக்கொண்டது. எனவே வேண்டுவது அறியாமையன்று. அறிந்த பின்னும் மாறாத ஒழுகலாறே வேண்டுவது. அது கடையிற் கிடைக்கும் பண்டமன்று.

இவ்விடத்தில் நம் உணவுச்சாலைகளில் வழங்கும் ஒரு சிறு வழக்கத்தைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். வெளிநாட்டார் கண்டு வியக்கும் வழக்கம் அது. வடையும் ரோல்சும் பற்றீசும் நிறைந்த தட்டம் ஒன்று கேளாமலே மேசைக்கு வரும். வேண்டியதை உண்டு, உண்டதற்கு மட்டும் காசு கொடுக்கலாம். எஞ்சியது மீண்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் சென்று அடுத்த மேசைக்கு வரும். எச்சிலை இத்துணை அஞ்சிய சமூகம், யாரோ ஒருவன் தொட்டுப் பார்த்து வைத்த வடையை மறுவார்த்தையின்றி உண்கின்றது! அதேவேளை கோப்பைமேல் பொலித்தீன் தாளை விரித்து அதன்மேற் சோறிடுவதையும் நாம் காண்கின்றோம். அத்தாள்களின் விற்பனை 2017 செப்ரெம்பரில் தடை செய்யப்பட்ட பின்னரும் அப்பழக்கம் முற்றாக ஒழிந்தபாடில்லை. கோப்பை கழுவும் வேலையை அது மிச்சப்படுத்துகின்றது என்பது உண்மை. ஆனால் முன்னர் உண்டவருக்கும் நமக்குமிடையே ஒரு மெல்லிய திரை இருப்பதில் நமக்கு ஓர் ஆறுதலும் உண்டு. நம் மனம் இன்னும் ஒருகால் ஊரிலும் ஒருகால் நகரத்திலும் நிற்கின்றது.

இனி, மேசையின் மறுபக்கம். இதுவரை உண்பவனை யாரும் அறியாதிருத்தலைப்பற்றியே பேசினோம். இடுபவனை நாம் அறிவோமா? கொழும்புச் சாப்பாட்டுக்கடைகளில் பரிமாறுவோரும் மேசை துடைப்போரும் பெரும்பாலும் மலையகத் தோட்டங்களிலிருந்து இளவயதிலேயே வேலைக்கு வந்தவர்கள். "தம்பி, ஒரு பிளேன்டீ" என்று அழைக்கின்றோம். உறவுமுறைச் சொல்லால் அழைப்பது நம் மொழியின் பண்பு என்று பெருமையும் கொள்கின்றோம். ஆனால் அத்தம்பியின் பெயரை நாம் அறியோம். கதவடைத்த பின் அவன் எங்கே படுக்கின்றான், எத்தனை மணிக்கு எழுகின்றான், அவனுக்கு எப்போது சோறு என்பதும் அறியோம். உறவுச்சொல் இங்கு உறவைக் குறிக்கவில்லை. வயதில் அவன் நம்மிலும் மூத்தவனாயினும் அவன் 'தம்பி'தான். முதலாளியை எவரும் அவ்வாறு அழைப்பதில்லை.

கான்ட் 1785 இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்றார். 'மட்டும்' என்ற சொல்லைப் பலர் விட்டுவிடுகின்றனர். பரிமாறுபவன் நம் பசிக்குக் கருவியாக இருப்பதை அவர் தடுக்கவில்லை. நாமும் யாரோ ஒருவருக்குக் கருவியே. அவன் அதற்குமேல் ஒன்றுமில்லை என்று ஒழுகுவதையே அவர் தடுத்தார். இந்த அளவுகோலால் அளந்தால், ஊரில் அலுமினியப் பேணி பெற்ற மனிதனின் நிலைக்கும், நாள் முழுவதும் பிறருக்குச் சோறிட்டுவிட்டுப் பின்னேரம் நான்கு மணிக்கு அடுக்களை வாயிற்படியில் நின்றுகொண்டே மிச்சச் சோற்றை விழுங்கும் இளைஞனின் நிலைக்கும் எவ்வளவு தூரம்? முன்னையவனைச் சாதி வெளியே நிறுத்தியது. பின்னையவனை எது நிறுத்தியிருக்கின்றது என்பதைப் பொருளியல் பயிலும் மாணவர்கள் கூறட்டும். நாம் உட்கார்ந்திருக்கும் வாங்கு, போராடிப் பெற்ற வாங்கு. அதே கடையில் இன்னும் உட்காராதவர் ஒருவர் இருக்கின்றார் என்பதை அவ்வாங்கில் இருந்துகொண்டே காணமுடியும்.

பெண்களைப்பற்றியும் ஒரு சொல். இக்கட்டுரை முழுவதும் 'மாணவன்' என்றே எழுதிவந்தமை தற்செயலன்று. நான் குறிப்பிடும் காலத்தில் கொழும்புக்குப் படிக்கவந்த தமிழ் மாணவி தனியே ஒரு சாப்பாட்டுக்கடைக்குள் நுழைந்து உண்டுவருதல் அரிது. அவள் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ உண்டாள். யாரும் யாரையும் கேளாத நகரத்தின் அந்த இனிய குளிர் அவளுக்குக் கிடைக்கவில்லை. நுழைந்தால் அத்தனை கண்களும் "ஆர் இந்தப் பிள்ளை?" என்று கேட்டிருக்கும். இன்று இந்நிலை பெரிதும் மாறியுள்ளது. மாறியிருந்தும், வெளியே உண்பதற்கு எதிராக நாம் எழுப்பும் ஒப்பாரி, அதாவது வீட்டுச் சமையல் அழிகின்றது, அம்மாவின் கைப்பக்குவம் மறைகின்றது என்பது, யாருடைய முதுகின்மேல் நின்று பாடப்படுகின்றது என்பதை ஆடவர் சிந்திப்பதாகத் தெரியவில்லை. பேணியைத் தெரிந்தெடுத்தவர் என் தாயார். அவர் அதைத் தெரிந்தெடுக்குமாறு நெடுங்காலம் பழக்கப்பட்டவர். ஊரின் விதியைக் காத்துநிற்கும் பொறுப்பை அடுக்களையில் அவரிடம் ஒப்படைத்துவிட்டு, முன்விறாந்தையில் புரட்சி பேசிக்கொண்டிருந்தவன் நான்.

உண்ணும் செயலில் ஒரு விநோதம் உண்டென்று சிம்மல் 1910 இல் எழுதினார். நான் காண்பதைப் பிறரும் காணலாம், நான் கேட்பதைப் பிறரும் கேட்கலாம். நான் உண்டதை மட்டும் வேறெவரும் உண்ணமுடியாது. இத்துணைத் தன்னலமான செயலே மனிதர் ஒன்றுகூடும் மிகப் பழைய காரணமாகவும் அமைந்துவிட்டது. என் நண்பரும் நானும் பட்டம் பெற்றுப் பிரியும்வரை அதே கடையில் அதே மேசையில் ஒன்றாகவே உண்டோம். அவர் வேறு மேசைக்குச் செல்லவில்லை என்பதை நான் அக்காலத்தில் மன்னிப்பாகக் கருதி ஆறுதலடைந்தேன். இப்பொழுது அவ்வாறு கருதுவதில்லை. பொது மேசையில் அமரும் உரிமையை அவர் எனக்காக விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவே. மன்னிப்பை நான் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது தெரியாது. ஒவ்வோர் இரவும் இரண்டு இடியப்பத் தட்டங்களுக்கிடையே இரண்டு சிறு நாணயக் குவியல்கள் தனித்தனியே கிடந்தன. கடைக்காரர் இரண்டையும் ஒரே கையால் வாரி ஒரே இலாச்சியில் போட்டார்.